இல்லாத மரத்திலிருந்து பன்னிரண்டு தப்படி

எஸ்பவேல், நிக்கோயா
1997 ஜனவரி 7

உபால்டோவுக்கு,

உன் அண்ணன் பெண்டாட்டி ஒத்திலியா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கடையில் போன் இருக்கிறதே, பேசலாமே என்பாய். அந்தப் போன் கடைக்கு நட்டநடுவில் இருக்கிறது. சர்க்கரை வாங்க வந்தவள், சும்மா நிற்க வந்தவன் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் கக்கூஸ் தண்ணீரைப் பற்றி நான் கத்த முடியாது. பஸ் டிரைவர் மெல்வின் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவன் கையிலேயே கொடு.

விஷயம் இதுதான். கேரவனில் ஊர் சுற்ற வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நீ அச்சடித்துக் கொடுக்கிறாயே ஒரு வழித்தாள், அதிலிருந்து உன் அண்ணன் எவெலியோ பேரை எடு.

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். காலையில் இரண்டு கேரவன்கள் வாசலில் வந்து நின்றன. ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். தண்ணீர்க் கமிட்டித் தலைவர் தோன் அபெல்தான் கூட்டி வந்தார். அவரிடம் மில் எங்கே என்று கேட்டார்களாம்.

“மில்லு எரிஞ்சு பதினோரு வருசம் ஆச்சு.”

“தாள்ல மில்லுன்னு போட்டிருக்கே?”

“ஆமா. அந்த மில்லுதான்.”

அவர் தாளை எனக்குப் படித்துக் காட்டினார். ‘பழைய மில் இருந்த இடத்திலிருந்து கடல் பக்கம் முந்நூறு மீட்டர். தோன் எவெலியோவைக் கேளுங்கள். வண்டியின் கழிவை இறக்கலாம். நல்ல மனிதர்.’ எரிந்துபோன மில்லிலிருந்து செத்துப்போனவர் வீட்டுக்கு வழி. நம் பக்கத்தில் எல்லாருக்கும் முகவரி இப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்வது நான்தானே.

அபெல் போய்விட்டார். இவர்களுக்கு நம் பேச்சு வராது. “எவெலியோ? எவெலியோ?” என்கிறார்கள். நான் கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினேன். அந்தம்மா புரிந்துவிட்டது என்று தலையாட்டி, புருஷனைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். மாமரத்தடியில் நாற்காலிகளை விரித்துச் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் தூங்குகிறாராம். எழுந்திருக்கட்டும் என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், உபால்டோ. மூன்று மணி நேரம் நானும் அடுப்படியிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் எனக்கே அவர் உள்ளே தூங்குகிற மாதிரி இருந்தது.

கடைசியில் கறுப்பு ரிப்பன் கட்டிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே இருக்கும்போது அவள் புருஷன் வண்டிக் குழாயை எடுத்துவந்து எவெலியோ கட்டிய கழிவுத் தொட்டியில் சொருகினான்.

தொட்டி உள்ளே வாங்கவில்லை, நிறைந்துவிட்டது. என் வீட்டுக் கக்கூஸும் அதே தொட்டியில்தான் விழுகிறது, அதுவும் மேலே வந்துவிட்டது. உன் ஆட்கள் வண்டிக்குள் நாற்றம் வராமல் இருக்க ஊற்றுகிற நீல மருந்துதான் காரணம். “தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கூலிக்காரங்க இருக்காங்க ஒத்தி, அவங்கதான் எல்லாத்தையும் கரைச்சு அனுப்புறாங்க. இந்த நீலத்த ஊத்துனா எல்லாரும் செத்துருவாங்க” என்று எவெலியோ தலையில் அடித்துக்கொள்வார். செத்துத்தான் போயிருக்கிறார்கள்.

பள்ளத்தில் நாற்பதே மீட்டரில் பக்கத்து வீட்டு ரொஸால்பாவின் கிணறு. பாதித் தெரு அதில்தான் குடிக்கிறது. பிப்ரவரி இரண்டாம் தேதிக்குள் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் அதன் குழாய் வாயைச் சிமெண்டு போட்டு அடைத்துவிடுவேன் என்று அபெல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் தேதி இருபத்திரண்டு கேரவன்களோடு நீ வருவதாகத் தாளில் இருக்கிறது. வராதே. வேறு வழியாகக் கூட்டிக்கொண்டு போ.

அண்ணன் செத்ததற்குச் சொன்ன ஒன்பது நாள் ஜெபத்தில் ஒரு நாளுக்குக்கூட வராதவன் நீ. இந்த ஒன்றையாவது செய்.

ஒத்திலியா

*

சான் ஹோசே
ஜனவரி 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

பேரை எடுக்கச் சொல்கிறீர்கள். தாள் செப்டம்பரிலேயே அச்சாகிவிட்டது. முந்நூறு பிரதி. பாதி இப்போது மெக்சிகோவில், குவாதமாலாவில், யார் யார் வண்டியிலோ இருக்கிறது. அதை நான் எப்படித் திரும்ப வாங்குவது?

வேறு வழியாகப் போகச் சொல்கிறீர்கள். ஒரு கேரவன் பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் தொட்டி நிறைந்துவிடும். எல்லையில் இறக்க இடமில்லை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குக்காரர் ஒருவர் சென்ற வருஷம் சரி என்றார், இந்த வருஷம் நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு நகராட்சிக்கு மூன்று மனு போட்டேன். “எங்க ஊர்ப் பீக்கே இடமில்ல, வெளிநாட்டுப் பீய வேற கொண்டு வர்றியா?” என்று கேட்டார்கள். பனாமா எல்லை வரைக்கும் இந்த நாட்டில் முறையாக இறக்குவதற்கு என் கையில் இருப்பது ஒரே இடம், அண்ணன் கட்டியது. அவர் எதற்காகக் கட்டினார் என்று மறந்துவிட்டீர்களா? பிள்ளைகள் குளிக்கிற ஓடையில் ஒருத்தன் குழாயைத் திறந்துவிட்டதைப் பார்த்துத்தானே? நான் கூட்டிக்கொண்டு வராவிட்டால் இவர்கள் வராமல் இருக்கப்போவதில்லை. ஓடைக்குப் போவார்கள்.

தொட்டி நிறைந்திருந்தால் கழிவு லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. மேல்மூடியை அண்ணன் மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். ஹொகோத்தே மரத்திலிருந்து கடல் பக்கம் பன்னிரண்டு தப்படி. அவரே என்னிடம் நடந்து காட்டியிருக்கிறார்.

ஜெபத்துக்கு வராதவன் என்கிறீர்கள். செய்தி வரும்போது நான் பனாமாவில், தாவித்தில் இருந்தேன். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி, பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். வந்து பார்த்தது ஈர மண். ஒரு மணி நேரம், அண்ணி. ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க விடாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து நான் எதற்கு ஜெபம் சொல்ல வேண்டும்?

திட்டத்தில் மாற்றமில்லை. மூன்றாம் தேதி காலை பத்து மணி.

உபால்டோ

*

எஸ்பவேல்
ஜனவரி 15

உபால்டோவுக்கு,

ஹொகோத்தே மரமா? எந்த ஹொகோத்தே மரம்? அதை உன் அண்ணன் வெட்டி மூன்று வருஷம் ஆகிறது. கரையான் அரித்துவிட்டது என்று வேரோடு தோண்டி, அடிக்கட்டையைக்கூட எரித்து, சாம்பலை வாழைக்குப் போட்டார். இல்லாத மில்லில் இருந்து வெள்ளைக்காரனுக்கு வழி சொல்கிறாய். இல்லாத மரத்திலிருந்து எனக்குச் சொல்கிறாய்.

உன் கடிதத்தை நம்பி லாரியை வரச் சொன்னேன். நேற்று வந்தது. டிரைவர் இறங்கியதும் “மூடி எங்கம்மா?” என்றான். எனக்குத் தெரியாது. அந்தத் தொட்டிப் பக்கம் அவர் என்னை விட்டதே இல்லை. ‘இது உனக்கான வேலை இல்ல ஒத்தி, நீ உள்ள போ’ என்பார். நல்ல மனசோடு சொன்னதுதான். இப்போது அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தெருவே கூடிவிட்டது. மரம் இங்கேதான் இருந்தது என்று அபெல் மாமரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

“அங்க இல்ல தோன் அபெல், எங்க அடுப்படிக்கு நேரா இருந்துச்சு” என்றாள் ரொஸால்பா.

“நேராவா? அதுல ஏறித்தானே சின்ன வயசுல என் கை ஒடிஞ்சுச்சு? எனக்குத் தெரியாதா?”

“உங்க கை ஒடிஞ்சது உங்க மாமியார் வீட்டு மரத்துல.”

டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “ஆளுக்கொரு மரம் சொல்றீங்களே, என்ன தோப்பா வச்சிருந்தீங்க?”

ஐந்து இடத்தில் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. குழாய் வழியாக உறிஞ்ச முடியாதாம், அடியில் இறுகிப்போனது வராதாம், மூடி வேண்டுமாம். போய்விட்டான். முற்றம் பன்றி கிளறின மாதிரி கிடக்கிறது.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ ஓடையைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னதால் இதையும் கேள்.

அவர் பாதி தோண்டி விட்டுப்போன இரண்டாவது குழி கிணற்றுப் பக்கம் அப்படியே இருக்கிறது. அக்டோபர் மழையில் அதற்குள் நின்று வெட்டும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மண்வெட்டி மண்ணில் குத்தினபடியே நின்றது. நான் அதைத் தொடவில்லை. மேலே தகரம் போட்டு மூடி, கல் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஒரு கேரவன் நிற்கிறது. ஒரு தாடிக்காரன் தகரத்தை நகர்த்திவிட்டு, அந்தக் குழிக்குள் குழாயை விட்டு இறக்கிக்கொண்டிருக்கிறான். மண்வெட்டிக் காம்பைச் சுற்றி நீலத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். “தோன் எவெலியோ!” என்றான், குழியைக் காட்டி. சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம்.

நான் போட்ட சத்தத்தில் மாமரத்துக் கிளி எல்லாம் பறந்தது. அவன் பயந்துபோய் வண்டிக்குள் ஓடி, ஒரு ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பாட்டில் மேசையில் இருக்கிறது. தூக்கி எறியவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

அந்தக் குழிக்குச் சிமெண்டுச் சுவர் இல்லை, வெறும் மண். ரொஸால்பா இப்போது கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒத்திலியா

*

சான் ஹோசே
ஜனவரி 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பாதியில் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மீதியை வீட்டுக்கு வந்துதான் படிக்க முடிந்தது.

அந்தக் குழியில் ஒருத்தன் அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை. தாளில் குழி என்று நான் எழுதவே இல்லை. ஆனால் பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், ‘அங்கே புதுசாக ஒன்று தோண்டுகிறார்கள்’ என்று. யார் முதலில் சொன்னது? நான்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு எழுத வரவில்லை. எத்தனை வண்டி, எத்தனை மைல், எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும் என்றால் எழுதுவேன். இது அப்படி இல்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் வாரம் அண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டேன். இருபத்திரண்டு வண்டி வருகிறது, ஒரு தொட்டி போதாது, கிறிஸ்துமசுக்குள் இரண்டாவது குழி முடிந்தாக வேண்டும் என்று எழுதினேன். மழை நிற்கட்டும், டிசம்பரில் தோண்டலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு நான், ‘மழை மழை என்று சாக்குச் சொல்லாதே, உனக்கு வயதாகிவிட்டது என்றால் சொல்லிவிடு, கூலிக்கு ஆள் அனுப்புகிறேன்’ என்று எழுதினேன். விளையாட்டாக எழுதினேன் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? அவரைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் அன்றைக்கே மண்வெட்டியை எடுப்பார் என்று தெரிந்துதான் எழுதினேன்.

தாவித்தில் செய்தி வந்தபோது ‘எங்கே விழுந்தார்’ என்றுதான் முதலில் கேட்டேன். குழியில் என்றார்கள். பதினான்கு மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து, மண் மூடியாகிவிட்டது என்றதும் எனக்குக் கோபப்பட ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கடிதம் வீட்டில் எங்காவது இருக்கும். நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உபால்டோ

*

எஸ்பவேல்
ஜனவரி 24

உபால்டோவுக்கு,

அந்தக் கடிதம் வீட்டில் எங்கேயோ இல்லை. என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அவர் போட்டிருந்த கால்சட்டைப் பையில் இருந்தது. அன்று சாயந்தரம் அவரைக் குளிப்பாட்டும்போது எடுத்தேன். நனைந்து மை ஊறியிருந்தது. ஆனால் ‘வயதாகிவிட்டது என்றால் சொல்லிவிடு’ என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

மூன்று மாதமாக நீ சொல்வாய் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீயோ நான் ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை எழுத ஆரம்பித்தால் மெல்வினின் பஸ் தாங்காது.

ஆனால் நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடக்கம் என்று ஏன் சொன்னேன்? சாமியார் பத்து மணிக்கு வேறு ஊர் போகிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அவர் எங்கும் போகவில்லை. “உபால்டோ தம்பி வந்துக்கிட்டிருக்கானே, சாயந்தரம் வச்சிக்கலாமே தோன்யா ஒத்திலியா” என்று அவரே கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த வரியைப் படித்த பிறகு, நீ வந்து அவர் முகத்தைத் தொட்டு அழுவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. உன்னைப் பார்க்க விடக்கூடாது என்றுதான் செய்தேன். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

போதும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. முற்றத்தில் ஐந்து பள்ளம், கிணற்றுப் பக்கம் ஒரு நாற்றம், மேசையில் ஒரு ஜாம். என் பிழைப்பு இதுதான். உன் இருபத்திரண்டு வண்டிகளை என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

ஒத்திலியா

*

பென்யாஸ் பிளாங்காஸ், எல்லை
ஜனவரி 30

அண்ணி,

லாரி நிறுத்தத்தில், வண்டி மூக்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். மெல்வினின் மச்சான் இங்கிருந்து பஸ் ஓட்டுகிறான், நாளைக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.  அடக்கம் பற்றி இனி நான் யாரிடமும் பேசமாட்டேன்.

வண்டி இருபதுதான். இரண்டு பேர் ஹோண்டுராஸ் சாலைக் குழிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். எல்லாருக்கும் அறுபது, எழுபது வயது. மூன்று நாளாக யாரும் இறக்கவில்லை. “எப்போது, எப்போது” என்று என்னையே சுற்றுகிறார்கள். இந்த உத்தியோகத்துக்குப் பெயர் பயணத் திட்ட மேலாளர். என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள், அதை உங்களுக்கு எழுத முடியாது.

நீல மருந்துப் பாட்டில்களை எல்லாம் வாங்கி என் வண்டியில் பூட்டிவிட்டேன். சண்டை போட்டார்கள். ஒரு கிழவி என்னைத் திருடன் என்றாள். பரவாயில்லை.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த முறை மெய்யாகவே சொல்கிறேன். அப்படியென்றால் சான் ஹோசே வரைக்கும் நிறுத்தாமல் கொண்டுபோய், அங்கே லாரிக்காரர்கள் காலில் விழுகிறேன். ஒருத்தரையும் ஆற்றுப் பக்கம் விடமாட்டேன், அது மட்டும் உறுதி.

கையில் இருந்த தாள்களில் எல்லாம் அண்ணன் பேரைப் பேனாவால் அடித்துவிட்டேன். நூற்று நாற்பது தடவை அந்தப் பேரை அடித்தேன், அண்ணி. அடித்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘கேளுங்கள்’ என்று மட்டும் இருக்கிறது. யாரைக் கேட்கச் சொல்ல?

உபால்டோ

*

எஸ்பவேல்
பிப்ரவரி 1

உபால்டோவுக்கு,

மூடி கிடைத்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். போன திங்கட்கிழமை துணி துவைத்துவிட்டு மாமரத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. பழைய கொடி ஹொகோத்தே மரத்தில்தானே கட்டியிருந்தது? பத்தொன்பது வருஷம் வாரா வாரம் அதில் துணி போட்டவள் நான். வீட்டு மூலையில் அந்த இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. கொக்கியிலிருந்து மூன்று படுக்கை விரிப்பு, பிறகு என் பாவாடை நான்கு, பிறகு அவருடைய சட்டை ஏழு. சட்டைகளைக் கை விரித்துத்தான் போடுவேன், சுருக்கம் விழாது. ஏழாவது காக்கிச் சட்டை. அதன் இடது கை மரத்தில் உரசும். அந்தப் பிசின் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதற்காகவே அவரைத் திட்டுவேன்.

எங்கள் வீட்டு மரம் எங்கே நின்றது என்று ஊரையெல்லாம் கேட்டேன். என்னை நானே கேட்கவில்லை.

அவர் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அக்டோபருக்குப் பிறகு திறக்கவில்லை. திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவந்து, கொக்கிக்கு நேர் கீழே இருந்து தரையில் வரிசையாக விரித்துக்கொண்டு போனேன். விரிப்பு, பாவாடை, சட்டை. திசைக்கு ரொஸால்பாவை அவள் அடுப்படி வாசலில் நிற்கச் சொன்னேன். துணி போட்டுக்கொண்டே அவளோடு பேசுவேன், கொடி அவளுக்கு நேராகத்தான் போகும்.

“சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் தள்ளு ஒத்திலியா. ஆங், அதான். அந்தச் சட்டைய எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள். 

அபெல் அப்போதுதான் வந்தார். கிணற்றுப் பக்கம் நடந்ததைக் கேட்டு, கெடு முடியக் காத்திராமல், சிமெண்டு மூட்டையோடு. தரையில் எவெலியோ ஏழு பேர் கை கோத்துப் படுத்திருக்கிற மாதிரிக் கிடந்ததைப் பார்த்து மூட்டையை இறக்கி வைத்தார்.

“என்ன தோன்யா இது?”

“அளவு. கறை பட்ட கை எங்க முடியுதோ அங்கதான் மரம். அங்கருந்து கடல் பக்கம் பன்னெண்டு தப்படி நடங்க. நீங்கதான் அவர் உயரம்.”

“நான் மூடறதுக்கு வந்திருக்கேன், தெரியுமில்ல?”

“தெரியும். நடந்துட்டு மூடுங்க.”

நடந்தார். பன்னிரண்டாவது தப்படியில் குதிகாலை ஊன்றி நின்றார். அந்தப் பக்கம் நாங்கள் ஒருவருமே தோண்டவில்லை. “அந்தா நிக்குதே எவெலியோ மண்வெட்டி, அத எடுத்து வாங்க” என்றார். அது வேண்டாம் என்று ரொஸால்பா வீட்டு மண்வெட்டியைக் கொடுத்தேன். இரண்டு சாண் ஆழத்தில் சிமெண்டில் இடித்தது. அபெல் தொப்பியைக் கழற்றினார். “ஆனா என் கை ஒடிஞ்சது இந்த மரத்துலதான்” என்றார். ரொஸால்பா விடுவாளா? “மாமியார் வீட்டுல” என்றாள்.

நேற்று மதியம் லாரி வந்து உறிஞ்சிவிட்டது. டிரைவருக்குக் காப்பியோடு சோள ரொட்டி கொடுத்தேன், தொட்டுக்கொள்ள அந்த ஜாமைத் திறந்து வைத்தேன். நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க என்றான். தாடிக்காரன் குழியில் விட்டதையும் கையோடு உறிஞ்சச் சொன்னேன். மண் இழுத்தது போக மீதி வந்தது. ரொஸால்பா கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும் என்கிறார் அபெல். மூன்றாம் தேதி திங்கட்கிழமை உன் வெள்ளைக்காரர்களில் கையில் வலு இருக்கிறவர்கள் வாளி பிடிக்கட்டும்.

சாயந்தரம்தான் உன் கடிதம் வந்தது. கூட்டிக்கொண்டு வா. ஆனால் நான் சொல்கிறபடி. ஒரு நாளைக்கு ஐந்து வண்டிதான், மற்றவர்கள் கடற்கரையில் கிடக்கட்டும். ஒரு சொட்டு நீலம் வந்தாலும் குழாயைப் பிடுங்கி அவர்கள் வண்டிக்குள்ளேயே விடுவேன். இதை அபெலிடம் சொன்னேன், சிரித்தார். சிமெண்டு மூட்டையை மட்டும் என் மாமரத்தடியிலேயே விட்டுப் போயிருக்கிறார்.

யாரைக் கேட்கச் சொல்வது என்று கேட்டிருந்தாய். ஒத்திலியாவைக் கேட்கச் சொல். எவெலியோவைக் கேட்டு இனி எவனும் என் வாசலில் நிற்க வேண்டாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன், மூடி எங்கே என்று எனக்குத் தெரியும்.

மண்வெட்டி இன்னும் அந்தக் குழியில்தான் நிற்கிறது. மழையில் ஊறின காம்பு வெயிலில் வெடித்திருக்கிறது, பிடித்தால் சிம்பு ஏறும். நான் எடுக்கமாட்டேன். வேறு யாரையும் எடுக்க விடவும் இல்லை. திங்கட்கிழமை நீ எடு. கூலிக்கு ஆள் அனுப்பாதே. நீ வந்து மூடு.

ரொஸால்பா வேலியிலிருந்து தேய்பிறையில் ஹொகோத்தே கிளை ஒன்று வெட்டி நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன். மண் போட்டு முடித்ததும் அங்கே நட்டுவிடலாம். மே மழைக்குத் துளிர்த்துவிடும். எங்கள் வீட்டில் மறுபடி ஹொகோத்தே மரம் இருக்கும்.

ஆனால் தாளில் தெளிவாகப் போடு, இந்த மரத்திலிருந்து எண்ண வேண்டாம் என்று. இதிலிருந்து கடல் பக்கம் பன்னிரண்டு தப்படி நடந்தால் ரொஸால்பா கிணற்றில் விழுவார்கள்.

அண்ணி
ஒத்திலியா